மாங்குபானேயின் கேள்வி

1909 மே 3, திங்கள்

ஜூபிலிப் புத்தக வேலை இன்று ஆரம்பம். ஜூலை பதினெட்டாம் தேதிக்குள் முந்நூறு பிரதி வேண்டுமாம். மிஷனை நடத்துகிற ஆஷ்பர்ன் துரை இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் அச்சுக்கூடத்தில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். இருப்பது அச்சுக் கோர்க்க நான் ஒருவன், ஒரு கை இயந்திரம், மை உருட்ட என் மனைவி லோயிசாள். இந்தத் தேசத்தில் மே மாதமே குளிர்காலம் வேறு தொடங்கிவிடுகிறது. காலையில் மை கல்லாகக் கிடக்கிறது. அடுப்பருகே வைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நேட்டாலில் இந்தப் பெத்தானி மிஷன் தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைகிறது. அந்தச் சரித்திரத்தை ஜூலு மொழியில் எழுதுகிறவர் போதகர் பிலேமோன் சித்தோலே. இந்த மிஷனில் குருப்பட்டம் பெற்ற முதல் ஜூலுக்காரர். கிரேக்கம் படித்தவர். துரையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே படித்தவர் என்பதுதான் துரைக்குள்ள கஷ்டம்.

என் கஷ்டம் வேறு. எழுத்தெல்லாம் இங்கிலீஷுக்கென்று வார்த்து வந்தவை. அதே எழுத்தில் எழுதும் ஜூலுவில் வரிக்கு வரி 'கே'யும் 'இஸட்'டும் வரும். நாலு பக்கம் கோர்ப்பதற்குள் அவை இரண்டும் தீர்ந்துவிடும். அச்சடித்து, கலைத்துப் பெட்டியில் போட்டு, மறுபடி கோர்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதையே செய்கிறேன். கோர்ப்பதும் கலைப்பதும்.

மே 11, செவ்வாய்

ஊரிலிருந்து ஒரு கடிதம். பழைய கரும்புத் தோட்டத்து விலாசத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. மற்றவற்றோடு வைத்தேன்.

மே 14, வெள்ளி

சித்தோலே கடைசி அத்தியாயமான ஒன்பதாவதைக் கொண்டுவந்தார். அவர் என்னிடம் பேசுவது தமிழில். கேட்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். கரும்புத் தோட்டத்து லைன் வீட்டுத் தமிழ், வசவுகள் உட்பட.

"தம்பி, இது கொஞ்சம் தகராறு புடிச்ச பாடம். படிச்சுட்டு கோரு."

"என்ன ஐயா தகராறு?"

"நீயும் நானும் ஞானோபதேச வினாவிடை படிச்சுத்தானே கரையேறினோம்? அதுல கேள்வி யாரு கேக்குறா? வெள்ளக்காரர். பதில் யாரு சொல்றா? நாம. அம்பது வருசமா அப்படித்தான். ஆனா எங்காளுங்களும் கேட்டாங்க தம்பி. மொத நாள்லேருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அத ஒருத்தரும் எழுதி வைக்கல. நான் வீடு வீடாப் போயி எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

பிரித்துப் பார்த்தேன். வினாவிடை போலவேதான் எழுதியிருக்கிறார். கேள்வி என்று போட்டு ஒரு ஜூலுக் கிழவர் எந்த வருஷம் எந்த மிஷனரியிடம் என்ன கேட்டார் என்பது. கீழே பதில் என்று போட்டு, ஒன்றும் எழுதாமல் ஒரு வரி இடம்.

"இந்த எடத்துல என்ன போடணும் ஐயா?"

"அவங்க என்ன சொன்னாங்களோ அது. ஒண்ணும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். வெறும் இடம் என்று சாதாரணமாகச் சொல்கிறார். ஆனால் அந்த இடத்தையும் நான் கோர்த்துத்தான் ஆக வேண்டும். மை படாத ஈயக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். எழுத்தைவிட அதுதான் கனம்.

மே 17, திங்கள்

நாள் முழுக்கக் கோர்த்தேன். கண் எரிகிறது.

ஒரு கிழவர் கேட்டிருக்கிறார்: நீங்கள் வரும் முன்பே செத்துப்போன எங்கள் தகப்பன்மார் நரகத்தில் இருக்கிறார்கள் என்கிறீர்கள், அப்படியானால் ஐம்பது வருஷம் முன்னாலேயே வராமல் ஏன் தாமதித்தீர்கள்? இன்னொருவர்: கோயிலுக்குச் சுவர் எழும்பிய அதே வருஷம் எங்கள் மேய்ச்சலுக்கு வேலியும் எழும்பியதே, இரண்டையும் அளந்தது ஒரே கயிறா?

கடைசிக் கேள்வி ஒரு பெண்பிள்ளையுடையது. பெயர் மாங்குபானே. 1868-இல் அவளுடைய புருஷன் ஞானஸ்நானம் கேட்டான். அவனுக்கு இரண்டு மனைவி. முதலில் வந்தவளே மனைவி, மற்றவளை அனுப்பிவிட வேண்டும் என்பது மிஷன் விதி. மாங்குபானே இரண்டாமவள். அனுப்பிவிட்டார்கள். அவள் போகும்போது மிஷனரியிடம் கேட்டது: "இவர் என்னைத் தள்ளவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. என் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். நான் இப்போது யார்?"

பதில்: வெறும் கட்டை.

அந்தப் பிள்ளை சித்தோலேதான். அப்போது அவருக்கு ஏழு வயது. மாங்குபானே கரும்பு ஆலையில் வண்டி ஓட்டிய தன் அண்ணனின் குடிசைக்குப் போனாள். சுற்றிலும் தமிழ்க் கூலிகளின் லைன் வீடுகள். பையன் சனிக்கிழமைதோறும் மிஷன் பள்ளியிலிருந்து ஓடிப்போய் அம்மாவைப் பார்ப்பானாம். தமிழ் வந்தது அப்படித்தான்.

அவள் இன்னும் இருக்கிறாள். எழுபதுக்கு மேல். ஞானஸ்நானம் பெறவில்லை. என் கலியாணம் பாவம் என்று நான் ஒத்துக்கொண்டால்தான் தண்ணீர் தெளிப்பார்கள், எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்கிறாளாம். அவள் கண்மூடும் முன்னே இந்தக் கேள்வி அச்சில் வரவேண்டும் என்பதுதான் சித்தோலேயின் ஆசை. இதற்காகத்தான் அவர் இந்தப் புத்தகத்தையே ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. குளிர் காரணமாக இருக்கும்.

மே 19, புதன்

ஒன்பதாம் அத்தியாயத்தின் ப்ரூஃபைத் துரையிடம் கொடுத்தேன். வழக்கம்தான்.

மே 24, திங்கள்

துரை கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ப்ரூஃப். பேச்சு இங்கிலீஷில்தான், தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"சத்தியநாதன், சித்தோலே கேட்கிறதில் நியாயம் இருக்கிறது. வேலி, நரகம் எல்லாவற்றையும் நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் கடைசிப் பக்கம் வேண்டாம். அந்தப் பெண்ணை அனுப்பிய மிஷனரியின் மகன்தான் ஜூபிலிக்கு வருகிற முக்கிய விருந்தாளி. சீமையிலிருந்து வருகிறார்."

"ஐயாவிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன், துரை."

"நான் சொன்னால் அவர் போய்விடுவார். ஏற்கெனவே ஆற்றுக்கு அக்கரையில் தனிச் சபையாகக் கூடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நாற்பது குடும்பம். என் கையால் அவருக்கு நான் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் பொய்யாக வருத்தப்படவில்லை. "எழுத்துப் போதவில்லை என்று நீ சொல்லலாம். நிஜமும்கூட, இல்லையா?"

பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்துக்குப் பதிலாகப் போடுவதற்கு அவரே எழுதியது. தலைப்பு: ஓர் இந்தியக் கிறிஸ்தவ இல்லம். கரும்புக் கூலியாக வந்து, ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு பதினேழு வருஷமாக மாதிரிக் குடும்பம் நடத்துகிற அச்சுக்காரர் ஒருவரைப் பற்றி.

என்னைப் பற்றி. "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 25, செவ்வாய்

சித்தோலேயிடம் சொன்னேன். "கே எழுத்து பாதி தேஞ்சுபோச்சு ஐயா. இஸட்டும் இல்ல. கடைசிப் பக்கம் ஜூபிலிக்குள்ள வராது."

பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் இதே பெட்டியின் முன் நின்று கலைத்துப் போடும் வேலை செய்தவர் அவர். எந்த அறையில் எத்தனை எழுத்து கிடக்கும் என்பது கைக்கே தெரிந்திருக்கும்.

"ப்ரூஃபு மொதல்ல எங்கிட்டதானே வரும் தம்பி?"

"மை காயலன்னு துரை மேசைமேல வெச்சிருந்தேன்."

"ம்." தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 1, செவ்வாய்

ஐயாவைக் காணோம் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கும் வரவில்லை. அக்கரைக்கே போய்விட்டார் என்று துரை நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன், நிம்மதியாகக்கூட இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

மாதிரிக் குடும்பப் பக்கத்தைக் கோர்க்க உட்கார்ந்தேன். இரண்டு வரியோடு எழுந்துவிட்டேன். கைவிரல் மரத்துப்போகிறது. லோயிசாள் மிளகாய் காய வைக்க இடமில்லை என்று சண்டை போட்டாள்.

ஜூன் 5, சனி

மத்தியானம் சித்தோலே வந்தார். பூட்ஸ் முழுக்கச் செம்மண். கையில் ஒரு புகையிலை டப்பா. கோர்க்கும் மேசைமேல் கவிழ்த்தார். எழுத்துகள். அத்தனையும் கே, இஸட்.

"டர்பன்ல எங்காளு ஒருத்தன் ஜூலுப் பத்திரிகை போடறான். அவங்கிட்ட இரவல். வேல முடிஞ்சதும் திருப்பணும். போதுமா பாரு தம்பி."

"நடந்தா போனீங்க?"

"போறப்ப ரயிலு. வரப்ப வண்டி இல்ல. ரெண்டு நாளு நடந்தேன்."

பொய் சொன்னவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. எழுத்து இல்லை என்று சொன்னேன். மனிதர் போய் எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

லோயிசாள் சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் கர்த்தரை விட்டுப் போகல தம்பி. அவரு எங்க ஊருக்குப் புதுசா வந்தவரும் இல்ல, வெள்ளக்காரரோட கப்பல்ல வந்தவரும் இல்ல. நான் விட்டுப் போறது துரை வூட்ட. போறதுக்கு முன்ன எங்கம்மா கேட்டத துரை வூட்டுப் பொஸ்தகத்துலயே எழுதி வெச்சிட்டுப் போகணும். வெளிய போயி அச்சடிச்சா அது வெறும் வசவு ஆயிடும்."

"அதுக்கு அவங்க பதில் சொல்லுவாங்கன்னு நெனக்கிறீங்களா, ஐயா?" என்று லோயிசாள் கேட்டாள்.

"சொல்ல வேணாம்மா. கேட்டாங்கன்னு தெரிஞ்சா போதும்."

ஜூன் 6, ஞாயிறு

ராப்போஜனம். முழங்காலிட்டேன். திராட்சரசப் பாத்திரம் என்னிடம் வந்தது. குடித்தேன்.

ஜூன் 9, புதன்

எழுதியே தீர வேண்டும். மறைத்து மறைத்து எனக்கே அலுத்துவிட்டது.

என் பழைய பெயர் வைத்திலிங்கம். நாகப்பட்டினத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மனைவி பெயர் செங்கமலம். 1886-இல் மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு, அந்தக் கோபத்திலேயே சென்னைக்குப் போய்க் கூலிக் கப்பலில் ஏறினேன். ஐந்து வருஷம் கரும்பு வெட்டினேன். மிஷன் அச்சுக்கூடத்துக்கு ஆள் தேடியபோது எழுத்துக் கோர்க்கத் தெரியும் என்றேன். ஞானஸ்நானத்தின்போது "மனைவி உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சத்தியநாதன் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கப்புறம் அவளிடமிருந்து வந்த கடிதம் எதையும் திறக்கவில்லை. பூ வேலைக் கட்டைகள் கிடக்கிற அடித்தட்டில் போட்டு வைத்தேன். ஆறு கடிதம். இன்று ஆறையும் திறந்தேன்.

முதலாவதில், நான் செத்துவிட்டதாக ஊருக்குத் திரும்பிய ஆள் ஒருவன் சொன்னானாம். தாலியை எடுக்கச் சொல்கிறார்களாம். எடுப்பதா வேண்டாமா, ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நாலிலும் அதே கேள்விதான், யார் யாரையோ கொண்டு எழுதியிருப்பதால் கையெழுத்து மட்டும் வேறு வேறு. கடைசியாக மே மாதம் வந்ததில் இப்படி இருக்கிறது:

"தலை நரைத்துவிட்டது. அண்ணன் மகனும் எடுத்துவிடு அத்தை என்கிறான். விலாசத்தில் ஆள் இல்லையென்றால் கடிதம் திரும்பி வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார். இதுவரை போட்டதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆகையால் நீங்கள் இருக்கிறீர்கள். ஆகையால் நான் எடுக்கவில்லை."

நான் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டேன். அதனால் அவள் தாலியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 10, வியாழன்

வேலை செய்யவில்லை.

ஜூன் 14, திங்கள்

துரையின் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இந்தப் பக்கத்தைக் கோர்க்க முடியாது, துரை."

"எழுத்து இல்லையா?"

"எழுத்து இருக்கிறது. எழுதியிருப்பது நிஜமில்லை. ஒரே மனைவி என்பது."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. "ஞானஸ்நானத்துக்கு முன்பா?"

"முன்பே. ஊரில். என்னை விட்டு அவள் போகவில்லை. நான்தான் விட்டுவிட்டு வந்தேன்."

"உயிரோடு இருக்கிறாளா?"

"இருக்கிறாள்."

"அப்படியானால் விதிப்படி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் முடித்துக் கொடுத்தேன். அந்த விதியை மூன்று பதிப்புக்கு நானே கோர்த்திருக்கிறேன், மனப்பாடம். முதலில் வந்தவளே மனைவி, மற்றவளை அனுப்பிவிட வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே லோயிசாள் தண்ணீர்க்குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். துரையின் சம்சாரத்துக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீமைக் கமிட்டிக்கு எழுத வேண்டும்" என்றார்.

"மாங்குபானேயை அனுப்பும்போது கமிட்டிக்கு எழுதினார்களா, துரை?"

இப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர் கோபப்படவில்லை. ராப்போஜனம் கிடையாது என்றார். ஜூபிலிக்குப் பிறகு அச்சுக்கூடத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார். தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்போது அந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே, துரை?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 15, செவ்வாய்

நேற்றே லோயிசாளிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்தம்மா பேரு என்ன?"

"செங்கமலம்."

"பதினேழு வருசம்." அரிசியை மறுபடியும் களைந்தாள், நாலாம் தண்ணியோ ஐந்தாம் தண்ணியோ. "துரை என்ன சொன்னாரு?"

விதியைச் சொன்னேன். கமிட்டி என்றேன், எழுதிப் பதில் வர மாசக்கணக்காகும் என்றேன், யாரும் யாரையும் அனுப்ப முடியாது என்றேன். நிறையப் பேசினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் யாரு?"

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் இதே ஸ்தலத்தில் கேட்ட கேள்வி. அவள் வேண்டுமென்று அதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

ஜூன் 28, திங்கள்

கடைசிப் பக்கத்தை இயந்திரத்தில் ஏற்றினேன். மை உருட்ட ஆளில்லை, நானே உருட்டி நானே இழுக்கலாம் என்று இருந்தேன். லோயிசாள் வந்து உருளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது ஐயாவோட அம்மா பக்கம்தானே?"

"ஆமா."

"தள்ளுங்க."

முந்நூறு தாளும் மாலைக்குள் முடிந்தன. இரவல் எழுத்து வேறு வார்ப்பு, கொஞ்சம் தடிமன். ஒவ்வொரு வரியிலும் கேயும் இஸட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கறுப்பாக விழுந்திருக்கின்றன. அழகில்லை. இருக்கட்டும். கலைத்து, டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஜூலை 18, ஞாயிறு

ஜூபிலி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். லோயிசாள் பக்கத்தில் உட்காரவில்லை, ஆனால் அதே பெஞ்சில்தான் இருந்தாள். சீமை விருந்தாளிக்கு ஜூலு தெரியாது. புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவி, ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். ஜூலு தெரிந்தவர்கள் ஒன்பதாம் அத்தியாயத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். துரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 20, செவ்வாய்

சித்தோலே கூப்பிட்டார். நானும் லோயிசாளும் அவரோடு ஆற்றைக் கடந்து மாங்குபானேயின் வீட்டுக்குப் போனோம். சின்ன உடம்பு. கண் ஒன்று பூத்துவிட்டது. வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தமிழில், "வாய்யா, குந்து" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சித்தோலே புத்தகத்தைப் பிரித்து அவளுடைய கேள்வியை வாசித்தார். பெயரோடு, வருஷத்தோடு. அவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். அவள் புத்தகத்தைக் கையில் வாங்கி, எந்த இடம் என்று கேட்டு, அந்த வரிமேல் விரலை வைத்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். மறுபக்கம் வெற்றுத்தாள். இன்னொரு தாளைத் திருப்பினாள். அட்டை வந்துவிட்டது.

மகனிடம் ஜூலுவில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள், என் காதில் விழவில்லை. அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். அருகில் நின்ற லோயிசாள்தான் என்னிடம் சொன்னாள்.

"பதில் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேக்கறாங்க."

கிழவி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, லோயிசாளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். லோயிசாள் போய் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது ஆற்றங்கரையில் லோயிசாள் கேட்டாள்: "நாகப்பட்டினத்துக்கு எழுதினீங்களா?"

"இன்னும் இல்ல."

"அந்தம்மாவையும் இப்படிப் பக்கம் பக்கமாத் திருப்ப வெக்காதீங்க." பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "என் பேரையும் அதுல எழுதுங்க" என்றாள்.

ஜூலை 23, வெள்ளி

சாமான்களைக் கட்டியாகிவிட்டது. அக்கரையில் ஒரு குடிசை காலியாக இருக்கிறதாம், சித்தோலே சொன்னார். அச்சு இயந்திரம் கிடையாது. கமிட்டியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நாலு தாளைக் கிழித்துப்போட்டேன். கர்த்தருடைய சித்தம் என்று ஆரம்பித்தது ஒன்று. மன்னிப்பு என்று ஆரம்பித்தது இரண்டு. அவள் மன்னிப்பு கேட்டு எழுதவில்லையே, கேட்டது ஒரு வரிதானே.

கடைசியில் எழுதித் தபாலில் போட்டது இவ்வளவுதான்:

"செங்கமலத்துக்கு, வைத்திலிங்கம் எழுதுவது. நான் சாகவில்லை. உன்னை விட்டுவிட்டு வந்தேன். இங்கே லோயிசாள் என்று ஒருத்தியோடு பதினேழு வருஷமாக வாழ்கிறேன். உன் கடிதம் ஆறும் எனக்குக் கிடைத்தன."